மயிலாப்பூரில் வீடு: பழைய பிளாட்டா, புதுக் கட்டடமா, மாடவீதிச் சந்தில் திண்ணை வீடா?

ஓஎம்ஆர்_அகதி:

வணக்கம். நாவலூரில் ஒரு பெரிய கேட்டட் கம்யூனிட்டியில் இருக்கிறோம். நீச்சல் குளம், ஜிம், குழந்தைகளுக்குப் பூங்கா எல்லாம் உண்டு, ஒரு கட்டுக் கொத்தமல்லி வாங்க மட்டும் வண்டியை எடுக்க வேண்டும். அப்பா போன பிறகு அம்மா எங்களோடு வந்துவிட்டார். மன்னார்குடியில் காலையும் மாலையும் கோவிலுக்கும் கடைக்கும் தானாக நடந்து போய் வந்தவர், இங்கே லிப்டில் ஏறி இறங்குவதோடு சரி. அதனால் நாவலூர் வீட்டை விற்றுவிட்டு மயிலாப்பூருக்குள், கோவிலைச் சுற்றி நடக்கிற தூரத்தில் ஒன்று வாங்கலாம் என்று முடிவு. கொஞ்சம் கடன் சேர்த்தால் ஒன்றே முக்கால் கோடி வரை போக முடியும். பார்த்ததில் மனதுக்குப் பிடித்தது மூன்று:

ஒன்று, சித்திரக்குளம் பக்கம் 1984இல் கட்டிய பிளாட். இரண்டாவது மாடி, 880 சதுர அடி, யு.டி.எஸ். (மனையில் அந்த வீட்டுக்கு வரும் பிரிக்கப்படாத நிலப் பங்கு) 590 சதுர அடி. லிப்ட் கிடையாது. அசோசியேஷனில் இடித்துக் கட்டுவது பற்றிப் பேச்சு ஓடுகிறதாம்.

இரண்டு, முண்டகக்கண்ணியம்மன் கோவில் பக்கம் புதிதாகக் கட்டிக்கொண்டிருப்பது. மனை இரண்டு கிரவுண்டுக்குச் சற்றுக் குறைவு, மொத்தம் எட்டு வீடு. 1,150 சதுர அடி, லிப்ட் உண்டு. விலைதான் கையைக் கடிக்கிறது.

மூன்று, தெற்கு மாடவீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் பழைய ஒட்டுவீடு, அதாவது பக்கத்து வீட்டோடு சுவர் ஒட்டியது. திண்ணை, ரேழி, சின்ன முற்றம், மர உத்தரத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய மெட்ராஸ் டெரஸ் கூரை. அம்மா உள்ளே நுழைந்ததும் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார், எழுந்திருக்க மனமில்லை. விலை மற்ற இரண்டில் பாதிகூட இல்லை. ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்டதற்கு, "அடிமனை கோவிலுது சார், மேல்கட்டுமானம்தான் விற்பனை, இங்கே பாதிப் பேர் அப்படித்தான் இருக்காங்க, ஒண்ணும் ஆகாது" என்கிறார் புரோக்கர்.

இந்தப் பக்கம் வாங்கியவர்கள், விற்றவர்கள் சொல்லுங்கள். குறிப்பாக மூன்றாவதைப் பற்றி.

கச்சேரி_ரோடு:

மூன்றாவதைத் தொடவே தொடாதீர்கள். மற்றதைப் பற்றி அப்புறம் பேசலாம்.

பத்திரப்_பைத்தியம்:

மேலே சொன்னது சரிதான், ஆனால் ஏன் என்றும் தெரிந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் இன்னொரு புரோக்கர் இதையே வேறு மாதிரி சொல்வார்.

கபாலீசுவரர் கோவிலுக்கு மயிலாப்பூரில் நிறைய நிலம் இருக்கிறது. அந்தக் காலத்தில் மனையை மட்டும் வாடகைக்கு எடுத்து மேலே சொந்தக் காசில் வீடு கட்டிக்கொண்டார்கள். சுவரும் கூரையும் குடும்பத்துடையது, கீழே இருக்கிற மண் கோவிலுடையது. 1959ஆம் ஆண்டு அறநிலையத்துறைச் சட்டத்தின் 34ஆவது பிரிவுப்படி ஆணையர் அனுமதி இல்லாமல் அந்த மண்ணை விற்க முடியாது, விற்றாலும் செல்லாது. உங்களுக்கு விற்பதாகச் சொல்கிறவருக்கே அது சொந்தமில்லை. முன்பு 1921ஆம் ஆண்டு நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டி, மேலே வீடு கட்டியவர்கள் மனையைத் தங்களுக்கே விற்கச் சொல்லி நீதிமன்றம் போக முடிந்தது. 1996இல் அந்தச் சட்டத்திலிருந்து கோவில் நிலங்களை எடுத்துவிட்டார்கள், அதோடு அந்த வாசலும் மூடியாயிற்று.

நடைமுறையில் என்ன ஆகும் என்றால், மேல்கட்டுமானத்துக்கு ஏதோ ஒரு ஒப்பந்தம் எழுதிப் பணம் கைமாறும். ஆனால் கோவில் கணக்கில் வாடகைதாரர் பழைய ஆள்தான். பெயரை மாற்றித் தரச் சொல்லிப் போனால், நியாய வாடகை என்று இன்றைய நில மதிப்பை வைத்துப் புதுக் கணக்குப் போடுவார்கள், பழைய பாக்கியும் உங்கள் தலையில் விழும். மாற்ற மறுத்தால் அறநிலையத்துறைச் சட்டத்தின் 78ஆவது பிரிவில் ஆக்கிரமிப்பாளர் நீங்கள். வங்கிக் கடன் கிடைக்காது. நாளைக்கு விற்கப் போனால் உங்களைப் போல விலையைப் பார்த்து மயங்குகிற ஒருவரைத்தான் நீங்களும் தேட வேண்டியிருக்கும். "பாதிப் பேர் அப்படித்தான் இருக்காங்க" என்பது உண்மை. அவர்கள் தாத்தா காலத்திலிருந்து இருக்கிறார்கள், நீங்கள் இன்றைக்குப் பணம் கொடுத்து உள்ளே போகிறீர்கள், வித்தியாசம் அதுதான்.

மயிலாப்பூரில் எதை வாங்குவதாக இருந்தாலும் முதல் வேலை டி.எஸ்.எல்.ஆர். எடுப்பது. நகர நில அளவைப் பதிவேட்டின் நகல், இணையத்திலேயே கிடைக்கும், பிளாக் எண்ணும் டி.எஸ். (நகர அளவை) எண்ணும் இருந்தால் போதும். உரிமையாளர் என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். தேவஸ்தானம் என்றோ ஏதாவது அறக்கட்டளை என்றோ இருந்தால் அன்றோடு விட்டுவிடலாம். ஈ.சி. (வில்லங்கச் சான்றிதழ்) சுத்தமாக இருக்கிறதே என்று சமாதானம் சொல்வார்கள். ஈ.சி.யில் பதிவான ஆவணங்கள்தான் தெரியும், நிலம் யாருடையது என்று அது சொல்லாது.

இரண்டாவது வீட்டில் கவனிக்க வேண்டியது வேறு. மனை 500 சதுர மீட்டரைத் தாண்டாவிட்டால், அல்லது வீடுகள் எட்டைத் தாண்டாவிட்டால் ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படியான பதிவு தேவையில்லை. இரண்டு கிரவுண்டு என்பது 4,800 சதுர அடி, அதாவது சுமார் 446 சதுர மீட்டர். எட்டு வீடு வேறு. எட்டோடு ஏன் நிறுத்தினார்கள் என்று புரிகிறதா? மயிலாப்பூரில் மனைகளே சின்னவை, அதனால் பாதிக்கு மேல் புதுக் கட்டடங்கள் ரெராவுக்கு வெளியேதான் நிற்கும் என்பது என் கணிப்பு. அது தப்பான காரியம் இல்லை, சட்டமே அப்படி. ஆனால் வாங்குகிறவர்கள் கட்டும் பணத்தில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் வைப்பது, தாமதத்துக்கு வட்டி, ஐந்து வருடக் கட்டுமானக் குறைப் பொறுப்பு இதெல்லாம் உங்களுக்குத் தானாக வராது. ஒப்பந்தத்தில் நீங்கள்தான் எழுதி வாங்க வேண்டும். திட்ட அனுமதி வரைபடத்தை வாங்கி, தளத்தில் எத்தனை மாடி எழும்பியிருக்கிறது என்று நேரில் எண்ணிப் பாருங்கள்.

பதிவுச் செலவையும் இப்போதே கணக்கில் வையுங்கள். புது பிளாட்டின் முதல் விற்பனைக்கு 2023 டிசம்பரிலிருந்து நிலமும் கட்டடமும் சேர்த்த கூட்டு மதிப்பு. 50 லட்சத்துக்கு மேல் 3 கோடி வரை முத்திரைத் தீர்வை 5, பதிவுக் கட்டணம் 2, ஆக 7 சதவீதம். கட்டி முடிக்காத வீடு என்றால் அதோடு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். பழைய பிளாட்டுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, ஆனால் 7 கூட்டல் 2, மொத்தம் 9 சதவீதம்.

லஸ்_முனை:

நான் விற்றவர்கள் தரப்பு ஆள். தாத்தா வாங்கிய வீடு, ஒரு கிரவுண்டுக்குக் கொஞ்சம் மேல், நாங்கள் மூன்று பேர் வாரிசு, தங்கை அமெரிக்காவில். பத்திரப்_பைத்தியம் சொல்வதெல்லாம் சரிதான், ஆனால் அவர் கேட்கிற மாதிரி ஒரு மடிப்பும் இல்லாத பத்திரத்தோடுதான் வாங்குவேன் என்று உட்கார்ந்தால் இந்தப் பகுதியில் வீடே வாங்க முடியாது. இங்கே வீடு என்றால் குடும்பம். 1950களில் வாய்மொழியாகப் பிரித்துக்கொண்ட பாகம், பதிவு செய்யாத உயில், பம்பாய்க்குப் போய்த் திரும்பி வராத சித்தப்பா, மாடியில் இன்னமும் இருக்கிற பழைய வாடகைக்காரர், ஏதாவது ஒன்று இருக்கும். தீர்க்கக்கூடிய சிக்கலா, தீராத சிக்கலா என்று பார்க்க வேண்டும். கோவில் மனை தீராதது. வாரிசுச் சிக்கல் பெரும்பாலும் தீர்க்கக்கூடியது.

எங்கள் விஷயத்தில் முதலில் வந்த பில்டர், "தங்கைக்கு அந்தக் காலத்திலேயே கல்யாணம் செய்து கொடுத்தாச்சே, அவங்க கையெழுத்து எதுக்கு" என்றார். அவரை வாசலோடு அனுப்பிவிட்டோம். பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகள்களுக்கும் பிறப்பிலேயே உரிமை என்பது 2005 திருத்தம், 2005இல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற அவசியமும் இல்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20க்கு முன்னால் முறையாகப் பதிவான பாகப்பிரிவினை இருந்தால்தான் கதை வேறு. வாங்குகிறவர்களுக்குச் சொல்கிறேன், வாரிசுச் சான்றிதழில் இருக்கிற ஒவ்வொரு பெயருக்கும் பத்திரத்தில் கையெழுத்து இருக்கிறதா என்று விரல் வைத்து எண்ணுங்கள். அத்தைகளை மறக்காதீர்கள், எல்லோரும் அத்தைகளைத்தான் மறக்கிறார்கள்.

அப்புறம் வரி. பழைய வீட்டுக்கு 2001 ஏப்ரல் 1 அன்றைய சந்தை மதிப்பை வாங்கிய விலையாக எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அரசு வைத்த அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டக்கூடாது. 2024 ஜூலை 23க்கு முன் வாங்கிய சொத்தானால், இந்தியாவில் வசிக்கிற எனக்கும் அண்ணாவுக்கும் இன்டெக்சேஷனோடு (வாங்கிய விலையைப் பணவீக்கத்துக்கு ஏற்ப உயர்த்திக் கணக்கிடுவது) 20 சதவீதமா, அது இல்லாமல் 12.5 சதவீதமா, எது குறைவோ அது. வெளிநாட்டில் இருக்கிற தங்கைக்கு அந்தத் தேர்வு இல்லை, 12.5 மட்டும்தான். எங்கள் பங்குக்கு வாங்கியவர் டி.டி.எஸ்., அதாவது பணம் தரும்போதே பிடிக்கிற வரி, 1 சதவீதம் பிடித்தார், தங்கை பங்குக்குப் பிடிக்கிற விகிதமே வேறு. குறைந்த பிடித்தத்துக்கு வருமான வரித்துறையிடம் முன்கூட்டியே சான்றிதழ் வாங்காவிட்டால், லாபத்துக்கு இல்லாமல் முழுத் தொகைக்கும் பிடித்துவிடுவார்கள், பிறகு ரீஃபண்டுக்குக் காத்திருக்க வேண்டியதுதான். வெளிநாட்டிலிருந்து பவர் பத்திரம் (தன் சார்பில் கையெழுத்திட இன்னொருவருக்குத் தரும் அதிகாரம்) வந்தால், இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியிருக்க வேண்டும், வாங்குகிறவர் அதையும் பார்க்க வேண்டும்.

பில்டருக்குப் பாதிப் பாதி என்று கூட்டுக் கட்டுமானத்துக்குக் கொடுத்திருக்கலாமே என்று சொந்தக்காரர்கள் இன்னமும் கேட்கிறார்கள். ஒரு கிரவுண்டு மனையில் எங்களுக்கு மிஞ்சுவது இரண்டு மூன்று வீடு, மூன்று பேருக்கும் முதல் மாடிதான் வேண்டும். பணமாக வாங்கிப் பிரித்துக்கொண்டதால்தான் இன்றைக்கும் பேசிக்கொள்கிறோம்.

கோலமாவு:

எல்லோரும் பத்திரத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். அந்த அம்மா நடக்கத்தானே வருகிறார், அதைப் பற்றி யாராவது சொன்னீர்களா?

நான் இங்கேதான் பிறந்து வளர்ந்தேன், கல்யாணத்துக்குப் பிறகும் இரண்டு தெரு தள்ளித்தான் வந்தேன். தெற்கு மாடவீதியில் காய்கறி, வடக்கு மாடவீதியில் பூஜைச் சாமான், நவராத்திரி வந்தால் பொம்மைக் கடைகள், மார்கழியில் பாரதிய வித்யா பவனில் கச்சேரி, டாக்டர், மருந்துக் கடை, தையற்காரர், காபித்தூள் அரைக்கிற இடம், எல்லாம் கால் நடையில். அது உண்மை. ஆனால் நடைபாதை என்று ஒன்று பெரும்பாலான தெருக்களில் இல்லவே இல்லை. இருக்கிற இடத்தில் அதன் மேல் பைக் நிற்கும், டிரான்ஸ்பார்மர் நிற்கும், இளநீர்க்காரர் இருப்பார். எழுபது வயதுக்காரர் ஆட்டோவுக்கும் மாட்டுக்கும் நடுவே வளைந்து வளைந்துதான் போக வேண்டும். லஸ் பக்கம் மெட்ரோ வேலை வேறு. இரண்டு வழித்தடங்கள் திருமயிலையில் சந்திக்கப் போகின்றன, அது முடிந்தால் நல்லதுதான், முடிகிற வரைக்கும் எந்தத் தெரு எந்தப் பக்கம் ஒருவழி என்று எங்களுக்கே குழப்பம்.

பங்குனியில் தேர் அன்றைக்கும் அடுத்த நாள் அறுபத்துமூவர் அன்றைக்கும் வண்டியை வெளியே எடுக்க முடியாது. வீட்டு வாசலில் யார் யாரோ உட்கார்ந்து சாப்பிடுவார்கள், நீங்களும் மோர்ப் பானை வைத்தாக வேண்டும். எனக்கு அது கொண்டாட்டம், உங்கள் வீட்டுக்காரருக்கோ மனைவிக்கோ எப்படி என்று கேட்டுக்கொள்ளுங்கள். கார் ஒன்றுக்கு மேல் இருந்தால் ஒன்றை விற்றுவிட்டு வாருங்கள்.

லிப்ட் இல்லாத இரண்டாவது மாடியை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். இன்றைக்கு ஏறுவார், முழங்கால் போன பிறகு? நாவலூரில் லிப்ட் இருந்தும் போக இடமில்லை, இங்கே போக இடம் இருந்தும் இறங்க முடியாது என்றால் எதற்கு இத்தனை செலவு. நான் சொல்வது, முதலில் ஒரு வருடம் வாடகைக்கு வாருங்கள். தரைத்தளமாகப் பார்த்து. அந்த ஒரு வருடத்தில் எந்தத் தெருவில் தண்ணீர் உப்பு, எந்தத் தெருவில் மழைக்குத் தேங்கும், எந்த வீட்டுப் பாட்டி சாவியை யாரிடம் கொடுத்துவிட்டுப் பெங்களூர் போனார் என்பதெல்லாம் தெரிந்துவிடும். இங்கே நல்ல வீடுகள் விளம்பரத்துக்கு வருவதே குறைவு, பூக்காரம்மாவும் வாட்ச்மேனும் அறிவதுதான் சந்தை.

முற்றத்து_வெயில்:

வருத்தமாக இருக்கிறது. இப்படி எல்லோரும் பயமுறுத்தித்தான் திண்ணை வீடுகள் எல்லாம் இடிபட்டுப் போகின்றன. நல்ல மெட்ராஸ் டெரஸ் கூரை, தேக்கு உத்தரம், சுண்ணாம்புக் காரை, இதையெல்லாம் இனி யார் கட்டப் போகிறார்கள்? சிமெண்ட் பூசாமல் சுண்ணாம்பிலேயே பழுது பார்த்தால் இன்னும் ஐம்பது வருடம் நிற்கும். ஒருவராவது வாங்கிக் காப்பாற்றலாமே.

பத்திரப்_பைத்தியம்:

காப்பாற்றலாம், சொந்த மனையில் இருக்கிற திண்ணை வீடாகப் பார்த்து. அப்படியும் சில இன்னும் இருக்கின்றன. கோவில் மனையில் உள்ளதை வாங்கி நீங்கள் உத்தரம் மாற்றப் போனால் அதற்கும் கோவில் அனுமதி கேட்க வேண்டும். வாடகைதாரராகவே உங்களை ஏற்காதபோது அனுமதி யாருக்குத் தருவார்கள்? ஒட்டுவீட்டில் இன்னொரு சங்கதி, பக்கத்துச் சுவர் பொது. அவர் இடித்துக் கட்ட ஆரம்பித்தால் உங்கள் காரை உதிரும். பத்திரத்தில் பொதுச் சுவர் என்று நான்கெல்லையில் எழுதியிருக்கிறதா என்று பார்க்காமல் யாரும் ஒட்டுவீடு வாங்கக்கூடாது.

ஓஎம்ஆர்_அகதி:

எல்லோருக்கும் நன்றி. டி.எஸ்.எல்.ஆர். எடுத்தேன், உரிமையாளர் இடத்தில் கோவில் பெயர்தான். புரோக்கரிடம் சொன்னேன், "அதான் முதல்லயே சொன்னேனே சார்" என்கிறார், அதுவும் சரிதான். அம்மாவிடம் சொல்லியாயிற்று, கோவில் சொத்து என்றதும் அவரே வேண்டாம் என்றுவிட்டார், எங்களை மாதிரி சட்டம் எல்லாம் அவருக்குத் தேவைப்படவில்லை.

கோலமாவு அக்கா சொன்ன லிப்ட் விஷயம் நியாயம். ஆனால் சித்திரக்குளம் பிளாட் விலையில் குறைவு, யு.டி.எஸ். அதிகம், எப்படியும் இடித்துக் கட்டப் போகிறார்கள் என்றால் அப்போது லிப்ட் வந்துவிடுமே? ஆறு வீட்டில் நான்கு பேர் சம்மதம் என்கிறார் விற்பவர். அதை நம்பி வாங்கலாமா? மனைவிக்கும் அந்தப் பக்கம்தான் பிடித்திருக்கிறது.

பத்திரப்_பைத்தியம்:

தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2022இல் நிறைவேறி, 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி மறுகட்டுமானத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர் சம்மதம் போதும். ஆறில் நான்கு, கணக்குக்குச் சரியாக வருகிறது. ஆனால் வாயால் சொன்ன சம்மதமா, அசோசியேஷன் தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்தா? விற்கிறவரே அந்த நான்கில் ஒருவர் என்றால், அவர் போன பிறகு மூன்றுதானே, நான்காவது நீங்கள்தான்.

இன்னொன்று. ஆறு பத்திரத்திலும் உள்ள யு.டி.எஸ்.ஸைக் கூட்டிப் பாருங்கள், மொத்த மனைக்குச் சமமாக வருகிறதா? 1980களில் கட்டியவர்கள் சிலர் கொஞ்சம் நிலத்தையும் மொட்டை மாடியையும் தங்கள் பெயரிலேயே வைத்துக்கொண்டு விற்றிருக்கிறார்கள். அந்த மிச்சத்துக்கு இன்று ஒரு பேரன் வந்து நிற்பான். மனை எவ்வளவு, தெரு அகலம் எவ்வளவு என்பதைப் பொறுத்துத்தான் எத்தனை மாடி கட்டலாம் என்பது, சித்திரக்குளம் பக்கம் சில தெருக்களில் ஒரு காரும் ஒரு சைக்கிளும் எதிரெதிரே வந்தாலே கஷ்டம். கூடுதல் வீடு எழுப்பி விற்க இடமில்லாத மனையை எந்த பில்டரும் தன் செலவில் கட்டித் தர மாட்டார், நீங்கள் ஆறு பேரும் கையிலிருந்து போட வேண்டும்.

லஸ்_முனை:

இடித்துக் கட்டப் போவதை நம்பி வாங்காதீர்கள், இன்றைக்கு இருக்கிற பிளாட்டுக்கு என்ன மதிப்போ அதற்குத்தான் விலை பேச வேண்டும். விற்பவர் மறுகட்டுமானத்தைச் சொல்லி விலையை ஏற்றுகிறார், அது நடந்தால் லாபம் உங்களுக்கு, நடக்காவிட்டால் படிக்கட்டு உங்கள் அம்மாவுக்கு. அதே கட்டடத்தில் தரைத்தளத்துக்காரர் விற்கிறாரா என்று விசாரித்தீர்களா? சம்மதம் சொல்லாத இரண்டு பேரில் ஒருவர் தரைத்தளமாக இருக்க நிறைய வாய்ப்பு, பெரும்பாலும் வயதானவர்கள், பிள்ளைகள் வெளியூரில். அவர்கள் இடிப்பதற்குத்தான் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், விற்பதற்கு ஒருவேளை ஒப்புக்கொள்வார்கள்.

ஓஎம்ஆர்_அகதி:

விசாரித்தேன். தரைத்தளத்தில் ஒரு மாமி தனியாக இருக்கிறார், மகன் சிங்கப்பூரில். விற்பதாக இல்லை, ஆனால் மகன் வந்தால் பேசச் சொல்கிறேன் என்றார். அதற்குள் அதே தெருவில் தரைத்தளம் ஒன்று வாடகைக்கு இருக்கிறது என்று அவரே சொல்லி அனுப்பினார். பதினோரு மாத ஒப்பந்தம். நாவலூர் வீட்டையும் இப்போது விற்காமல் வாடகைக்கு விட்டுவிட்டு வரலாமா என்று யோசனை. அப்படிச் செய்தால் பிறகு விற்கும்போது வரியில் ஏதாவது சிக்கல் வருமா?

லஸ்_முனை:

வாடகைக்கு விட்டதால் மட்டும் சிக்கல் இல்லை, அதுவும் குடியிருப்பு வீடுதான். விற்ற லாபத்தில் இன்னொரு வீடு வாங்கினால் விலக்கு உண்டு, விற்பதற்கு ஒரு வருடம் முன்போ, விற்ற பிறகு இரண்டு வருடத்துக்குள்ளோ வாங்கியிருக்க வேண்டும். அந்தத் தேதிகளை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், மாமியின் மகன் மனசு மாற எவ்வளவு நாள் ஆகும் என்று தெரியாதே.

பத்திரப்_பைத்தியம்:

மாமி வீட்டுப் பத்திரம் எப்போதாவது கைக்கு வந்தால் நகலை எனக்குத் தனிச் செய்தியில் அனுப்புங்கள். டி.எஸ். எண்ணையோ வீட்டு எண்ணையோ இங்கே பொதுவில் போட்டுவிடாதீர்கள், இந்தப் பக்கத்தைப் புரோக்கர்களும் படிக்கிறார்கள்.